இரண்டடித் தொட்டியும் ஆறடித் தொட்டியும்

சென்னை வீடுகளில் மீன் தொட்டி என்றால் ஒரு காலத்தில் இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். இரண்டு கன அடி. லிட்டரில் சொன்னால் 56. இன்று சிக்லிட் என்ற குடும்பத்து மீன்களுக்காகத் திட்டமிடுகிறவர் கடையில் கேட்பது ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். 24 கன அடி, 680 லிட்டர். நீளம் மூன்று மடங்குதான் கூடியிருக்கிறது, தண்ணீரோ பன்னிரண்டு மடங்கு. அளவு மட்டும் மாறவில்லை. எதை முதலில் யோசிப்பது, எதைப் பிறகு யோசிப்பது என்ற வரிசையே தலைகீழாகிவிட்டது.

அன்று தொட்டி முதலில் வந்தது. மேசையின் அகலம், சுவரில் இருந்த இடம், கையில் இருந்த பணம் ஆகியவை தொட்டியைத் தீர்மானித்தன. அதற்குள் என்ன விடுவது என்பது கடைக்குப் போன பிறகு எடுக்கும் முடிவு. சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டி மூர் மார்க்கெட் இருந்த நாள்களில் கிளி, புறா, வெள்ளெலி விற்ற வரிசையிலேயே வண்ண மீன்களும் விற்றன. 1985-இல் மூர் மார்க்கெட் எரிந்துபோனது. அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் வண்ண மீன் என்றாலே நினைவுக்கு வரும் இடமாகக் கொளத்தூர் வளர்ந்தது. வீட்டு மொட்டை மாடிகளிலும் கொல்லைப்புறச் சிமெண்டுத் தொட்டிகளிலும் மீன் பெருக்கிப் பிழைக்கும் குடும்பங்கள் அங்கிருந்து மாதவரம், செங்குன்றம், பொன்னேரி வரை பரவின. கடைக்குப் போனவர்கள் கோல்ட் பிஷ் இரண்டு, மோலி நான்கு, ஏஞ்சல் ஒரு ஜோடி என்று பாலிதீன் பையில் வாங்கி வந்தார்கள். ஏஞ்சல் ஒரு சிக்லிட் என்பது வாங்கியவருக்கும் தெரியாது, பெரும்பாலும் விற்றவருக்கும் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் அப்போது எழவில்லை.

அந்தத் தொட்டிகளைச் செய்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரும்பு ஆங்கிள் சட்டத்தைப் பற்றவைத்து, அதில் ஜன்னல் கண்ணாடியைப் பதித்து, மக்கு வைத்து அடைப்பார்கள். சட்டம் துருப்பிடிக்கும், மக்கு காய்ந்து வெடிக்கும், மூலையில் ஈரம் கசியும். கசிந்தால் அதே ஆள் வந்து அதே மக்கை வைத்து மறுபடி அடைப்பார். சிலிக்கான் பசை பரவலான பிறகு சட்டம் போயிற்று; கண்ணாடியோடு கண்ணாடி ஒட்டிக்கொண்டது. அன்றைய ஓரடி உயரத் தொட்டிக்கு 5 மில்லிமீட்டர் கண்ணாடி போதுமானதாக இருந்தது. இன்றைய ஆறடித் தொட்டிக்கு 12 மில்லிமீட்டர் கண்ணாடி, மேல் விளிம்பைச் சுற்றிலும் தாங்கு பட்டை. அடிக்கண்ணாடி மீது தண்ணீர் செலுத்தும் அழுத்தம் உயரத்தைப் பொறுத்தது. தொட்டி எவ்வளவு நீளம் என்பது அதற்குப் பொருட்டில்லை. ஆனால் நீளம் கூடக்கூட நடுக்கண்ணாடி வெளிப்பக்கம் வளையும். இதை அறிந்து கணக்குப் போட்டு ஒட்டுகிறவர்கள் இன்று நகரில் இருக்கிறார்கள். கசிந்தால் கூப்பிட்ட குரலுக்கு வந்து அடைத்துக் கொடுக்கும் ஆள்தான் இல்லாமல் போனார்.

சிக்லிட் குடும்பத்தில் நம் வீடுகளுக்குள் பெருமளவில் வந்து பெருமளவில் மடிந்தது ஆஸ்கர். தென் அமெரிக்காவின் அமேசான் படுகை மீன். இரண்டு அங்குலக் குஞ்சாகக் கடைக்கு வரும்; கறுப்பில் ஆரஞ்சு கோடு; கண்ணை உருட்டி ஆளைப் பார்க்கும்; சோறு போடுகிற கையை அடையாளம் கண்டு ஓடி வரும். யாருக்குத்தான் பிடிக்காது? அதே மீன் நன்றாக வளர்ந்தால் ஓரடி நீளம். பத்தாண்டுக்கு மேலும் வாழக்கூடியது. ஓரடி அகலத் தொட்டியில் ஓரடி மீன் திரும்பக்கூட முடியாது. அந்தத் தொட்டிகளில் ஆஸ்கர்கள் ஓரடியை எட்டியதும் அரிது, பத்தாண்டைக் கண்டதும் அரிது. சில மாதங்களில் செத்தன. செத்ததும் மறுபடி இரண்டு அங்குலக் குஞ்சு வாங்கினோம். மீனுக்கு ஆயுள் அவ்வளவுதான் என்று ஒரு தலைமுறையே நம்பியது. எனக்கு இன்றும் உறுத்தும் விஷயம் இது. மீனின் ஆயுளை நாம் கண்ணாடிப் பெட்டியின் அளவுக்கு வெட்டிக்கொண்டிருந்தோம்.

அப்போது கைக்கு எட்டிய ஒரே விதி, ஒரு காலன் தண்ணீருக்கு ஓர் அங்குல மீன் என்பது. ஓர் அங்குல மீன் பத்து சேர்ந்தாலும் பத்து அங்குல மீன் ஒன்றாகாது என்பதை அந்த விதி சொல்வதில்லை. பத்து அங்குல மீனின் உடற்பருமனும் கழிவும் பல மடங்கு. சிக்லிட் விஷயத்தில் அது சொல்லாமல் விடும் இன்னொன்று, சண்டை. சிக்லிட் எல்லை வகுத்து வாழும் மீன். தனக்கென்று ஒரு கல், ஒரு பொந்து, ஒரு சாண் மணல் வேண்டும். அதற்குள் வருபவனை விரட்டும். விரட்டப்பட்டவன் ஓடிப்போக இடம் இருந்தால் பிழைப்பான். இரண்டடித் தொட்டியில் ஓட இடமில்லை.

ஆகவே இன்று திட்டமிடுகிறவர் மீனிலிருந்து தொடங்குகிறார். எந்த மீன், முழு வளர்ச்சியில் அதன் நீளம் என்ன, அது எந்த நீரில் பிறந்தது, எத்தனை பேரோடு வாழும்? இவற்றுக்கு விடை வைத்துக்கொண்டுதான் கண்ணாடிக்கடைக்குப் போகிறார். ஒரு ஜோடி ஆஸ்கருக்கு நாலடித் தொட்டி குறைந்தபட்சம். டிஸ்கஸ் என்ற சிக்லிட் கூட்டமாக வாழும். உயரமான தொட்டி வேண்டும். ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களுக்கு உயரத்தைவிடத் தரைப்பரப்பு முக்கியம். சென்னையில் பெரிய தொட்டிக்குத் திட்டமிடுகிறவருக்கு மலாவி மீன்களைத்தான் நான் முதலில் சொல்வேன். காரணம் நம் தண்ணீர்.

மலாவி ஏரி ஏறக்குறைய 580 கிலோமீட்டர் நீளம். 700 மீட்டர் ஆழம். மலாவி, மொசாம்பிக், தான்சானியா என்ற மூன்று நாடுகளின் நடுவே கிடக்கிறது. அதன் நீர் காரத்தன்மை உடையது, பி.எச். 7.7 முதல் 8.6 வரை. 1964-இல் நாடு விடுதலை பெறும்வரை நியாசா ஏரி என்பதே அதன் பெயர். 1935-இல் எத்தல்வின் ட்ரெவாவாஸ் என்ற பிரிட்டிஷ் மீனியலாளர் அந்த ஏரியின் சிக்லிட்களைத் தொகுத்து வரிசைப்படுத்தினார். ஜெஃப்ரி ஃப்ரையர் 1950-களில் கரையோரப் பாறைகளில் வாழும் ம்புனா மீன்களை ஆராய்ந்து 1959-இல் விரிவாக எழுதினார். ஒரே பாறையில் அருகருகே வாழும் மீன்கள், ஒவ்வொன்றும் வெவ்வேறு பல்லும் வாயும் கொண்டு, பாசியை ஒவ்வொரு விதமாகச் சுரண்டித் தின்கின்றன என்பது அப்போதுதான் வெளியுலகுக்குத் தெளிவாயிற்று. 1960-களின் தொடக்கத்தில் அங்கிருந்து ஐரோப்பாவுக்கு மீன் ஏற்றுமதி தொடங்கியது. அன்று விமானத்தில் போன ஒவ்வொரு மீனும் ஏரியில் பிடித்த மீன். இன்று உலகச் சந்தையில் விற்கும் மலாவி மீன்களில் பெரும்பங்கு பண்ணைகளில் பிறந்தவை. ஏரியில் உள்ள சிக்லிட் இனங்கள் எண்ணூறுக்கும் மேல் இருக்கலாம் என்று இன்றைய மதிப்பீடுகள் சொல்கின்றன. பெயர் சூட்டும் வேலை இன்னும் முடியவில்லை.

அந்த ஏரிக்கும் சென்னையின் ஆழ்துளைக் கிணற்றுக்கும் எந்த உறவும் இல்லை. ஆனாலும் நம் போர் தண்ணீர் கடினநீர், சற்றே காரம். துணி வெளுக்க, பருப்பு வேக வைக்க நாம் திட்டும் அதே நீர் மலாவி மீனுக்கு ஒத்துப்போகிறது. அந்தக் காலத்தில் இந்த நீரில் மென்னீர் மீன்களைப் போட்டுக் கொன்றோம். டிஸ்கஸ் வளர்க்க முனைந்தவர்கள் மழைநீரைச் சேமித்து வைத்துக் கலந்தார்கள், இப்போது ஆர்.ஓ. இயந்திரம் வைத்துக் கலக்கிறார்கள். மலாவி மீனுக்கு இந்தப் பாடு இல்லை. கடலை ஒட்டிய பகுதிகளில் உப்பேறிய போர் தண்ணீரை மட்டும் அப்படியே ஊற்றிவிடக் கூடாது. குழாய்நீர் என்றால் குளோரினை முறிக்க வேண்டும். முன்பு வாளியில் ஓர் இரவு பிடித்து வைத்தோம். இப்போது தயோசல்பேட் கரைசலை அளந்து ஊற்றுகிறார்கள். ஓர் இரவு பிடித்து வைக்க ஒரு வாளி போதும் என்றிருந்தது. பெரிய தொட்டியில் வாரந்தோறும் மாற்றும் 270 லிட்டரைப் பிடித்து வைக்க இன்றைய அடுக்ககத்தில் இடம் எங்கே?

எடைக்கு வருவோம். பெரிய தொட்டித் திட்டத்தில் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் மிக அதிகமாகப் பேசப்பட வேண்டியதும் இதுதான். 56 லிட்டர் தொட்டியை இரண்டு பேர் சேர்ந்து, பாதித் தண்ணீரை இறைத்துவிட்டு, அறையின் இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நகர்த்தலாம். தீபாவளிக்கு வெள்ளையடிக்கும்போது நகர்த்தியும் இருக்கிறோம். ஆறடித் தொட்டி ஒருமுறை நின்ற இடத்திலேயே நிற்கும். கண்ணாடி மட்டும் 120 கிலோவுக்கு மேல். நீர் 600 கிலோவுக்கு மேல். மணலும் கல்லும் 150 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள்; இரும்புத் தாங்கி தனி. ஒரு டன்னை நெருங்குகிறது. இது நிற்கும் பரப்பு 12 சதுர அடி, அதாவது 1.1 சதுர மீட்டர். இந்தியத் தர நிர்ணய விதி, ஐ.எஸ். 875-இன் இரண்டாம் பகுதி, குடியிருப்பு அறைகளின் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 2 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய 200 கிலோ பாரம் என்று வைத்து வடிவமைக்கச் சொல்கிறது. தொட்டிக்கு அடியில் மட்டும் அதைப்போல நான்கு மடங்குக்கு மேல் விழுகிறது. அறை முழுவதையும் சேர்த்துக் கணக்கிட்டால் தளம் தாங்கிவிடும் என்று சொல்வோர் உண்டு. பல வீடுகளில் தாங்கியும் நிற்கிறது. ஆனாலும் அறையின் நடுவில் வைப்பதும், உத்திரம் ஓடும் சுவரை ஒட்டித் தூணருகே வைப்பதும் ஒன்றல்ல. மாடி வீடென்றால் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் வரைபடத்தைக் காட்டிக் கேட்டுவிட்டே தொட்டிக்கு முன்பணம் கொடுக்க வேண்டும். தரைதளம் கிடைத்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அன்றைய தனி வீடுகள் எல்லாமே தரையில் நின்றன. அன்றைய தொட்டிகளோ சிறியவை. தாங்கக்கூடிய தரை இருந்தபோது பெரிய தொட்டி இல்லை. பெரிய தொட்டி வந்தபோது நாம் ஐந்தாவது மாடிக்குப் போய்விட்டோம்.

தொட்டி நின்றுவிட்டது, தண்ணீரும் நிரம்பிவிட்டது. அந்தக் காலத்தில் அன்று மாலையே மீன் விட்டுவிடுவோம். தண்ணீர் தெளிவாக இருந்தால் நல்ல தண்ணீர். மூன்றாம் நாள் நான்காம் நாள் மீன் மேலே வந்து வாய் பிளக்கும். மெத்திலீன் புளூ நான்கு சொட்டு, கல்லுப்பு ஒரு பிடி. செத்தால், தொட்டி மொத்தத்தையும் கவிழ்த்து, கூழாங்கற்களைக் குழாயடியில் பளபளவென்று கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி மறுபடி தொடக்கம். மாதம் ஒருமுறை இப்படிக் கழுவுவதே ஒழுங்கான பராமரிப்பு என்று எல்லோரும் எண்ணினோம். சுத்தமாக வைத்த வீட்டில்தான் மீன் அதிகம் செத்தது. இதன் காரணம் தெரிந்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் அடங்கவில்லை.

மீனின் கழிவு அம்மோனியாவாகிறது. அம்மோனியா நஞ்சு. அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் கல்லிலும் பஞ்சிலும் படலமாகப் படிந்து வளர்கின்றன. அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நாம் மாதம் ஒருமுறை குழாயடியில் தேய்த்துக் கழுவிக் கொட்டியது அந்தப் படலத்தைத்தான். நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. நன்னீர் மீன் தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா என்று திமோத்தி ஹோவனெக்கும் அவரோடு ஆராய்ந்தவர்களும் 1998-இல் காட்டினார்கள். 2015-இல் இன்னும் ஒரு படி. அம்மோனியாவிலிருந்து நைட்ரேட் வரை முழு வேலையையும் தனியாகவே முடிக்கும் நைட்ரோஸ்பைரா வகைகளை ஒரு மீன் வளர்ப்பு நிலையத்தின் வடிகட்டியில் கண்டறிந்தார்கள். நூறாண்டுக்கு மேலாக இரு வேறு உயிர்களின் வேலை என்று கருதப்பட்டதை ஒரே உயிர் செய்கிறது என்பதை அந்த வடிகட்டியின் அழுக்குப் படலம் சொல்லிக்கொடுத்தது.

சென்னைக்காரர்கள் குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பி.எச். 7-இல் இருப்பதைவிட 8-இல் அம்மோனியாவின் நஞ்சுப் பகுதி ஏறக்குறைய பத்து மடங்கு. மலாவி மீனுக்கு நம் நீர் பொருந்துகிறது என்ற அதே காரணமே புதுத்தொட்டியை அதற்கு ஆபத்தாக்குகிறது. எனவே இன்று தெரிந்தவர்கள் மீனில்லாத தொட்டியில் சிறிது அம்மோனியாவைச் சேர்த்து வாரக்கணக்கில் ஓடவிடுகிறார்கள். சோதனைச் சொட்டு மருந்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியம் காட்டிய பிறகே முதல் மீன். 680 லிட்டர் தெளிந்த நீர், விளக்கு, பாறை எல்லாம் இருக்க, ஒரு மீன்கூட இல்லாத தொட்டியை ஒன்றரை மாதம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பொறுமை அன்று யாரிடமும் இருந்ததில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

வடிகட்டியும் அப்படியே. கூழாங்கல்லின் அடியில் துளைத் தட்டு, ஒரு குழாய், அதற்குள் ஏர் மோட்டாரின் குமிழி: அன்றைய முழு ஏற்பாடு இது. கோல்ட் பிஷ்ஷுக்குப் போதும். சிக்லிட் மண்ணைத் தோண்டும் மீன். ஒரே இரவில் தட்டை வெளியே தெரியவைத்துவிடும். இப்போது தொட்டிக்கு அடியில் இன்னொரு தொட்டி, அல்லது குடம் போன்ற கேனிஸ்டர். மணிக்கு 4,000 லிட்டருக்குக் குறையாமல் நீர் சுற்ற வேண்டும். மாதம் ஒருமுறை முழுதாகக் கவிழ்த்த இடத்தில், வாரம் ஒருமுறை முப்பது, நாற்பது விழுக்காடு மட்டும் மாற்றுகிறார்கள்; வடிகட்டிப் பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுகிறார்கள்.

பாறை அடுக்குவது இந்தத் திட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த வேலை. பிளாஸ்டிக் முத்துக்குளிப்பவரும், மூடி திறந்து மூடும் புதையல் பெட்டியும், நீலச் சாயம் ஏற்றிய கற்களும் போன இடத்தில் இப்போது கருங்கல் வந்திருக்கிறது. பல்லாவரம், பரங்கிமலைப் பக்கத்துக் கருங்கல்லுக்குப் புவியியலாளர்கள் சார்னோகைட் என்று பெயரிட்டிருக்கிறார்கள். கட்டடத்துக்கு உடைத்த அந்தக் கல் தண்ணீரின் குணத்தை மாற்றாது. முதலில் அடிக்கண்ணாடி மேல் மெத்தென்ற தகடு, அதன்மேல் பெரிய கற்கள், கடைசியில் மணல். மணலைப் பரப்பிவிட்டுக் கல்லை வைத்தால் மீன் அடியில் தோண்டும், கல் சரியும், கண்ணாடி உடையும். ஆற்று மணல் ஒரு காலத்தில் தெருமுனைக் கட்டட வேலையிலிருந்து ஒரு சட்டி அள்ளி வருகிற பொருள். இன்று அது அரிது; தெருமுனையில் குவிந்திருப்பது கல்லை உடைத்துச் செய்த எம்-சாண்ட். மணலை வாயில் அள்ளிச் சலித்துச் செவுள் வழியே விடும் மீனுக்கு அதன் கூர்முனை ஆகாது. தேடித்தான் வழவழப்பான மணல் வாங்க வேண்டும்.

மீனின் எண்ணிக்கையில் நம் பழைய அறிவுக்கு நேர் எதிரான ஒன்று உண்டு. சண்டைக்கார மீன் என்றால் குறைவாக விடுவதே நல்லது என்று தோன்றும். ம்புனாவில் இரண்டு மூன்று மட்டும் விட்டால் வலியவன் மெலியவனைக் கொன்றே தீர்வான். ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்ணாகக் கூட்டமாக விட்டால் சினம் பலர்மீது பரவி யாருக்கும் காயமில்லாமல் கரையும். கூட்டத்தின் கழிவைத் தாங்க வடிகட்டி பெரிதாக வேண்டும். எல்லோ லேப், பெயருக்கேற்ற மஞ்சள் மீன், இவற்றுள் சாது. முதல் தொட்டிக்கு அதுவே ஏற்றது. பெண் மீன் முட்டைகளை வாயில் அடைகாக்கும். மூன்று வாரம்போல இரையெடுப்பதே இல்லை. வாயை மூடியபடி ஒதுங்கி நிற்கும் ஒரு தாயைப் பாறையிடுக்கில் காணும்போது இத்தனை கணக்கும் பயனுடையது என்று தெரிகிறது.

மின்சாரமும் தண்ணீரும் இந்தத் திட்டத்தின் மெலிந்த முனைகள். குறைந்த மீனும் அகன்ற வாயும் கொண்ட அன்றைய தொட்டி மோட்டார் நின்றாலும் சில மணி நேரம் தாங்கும். இன்றைய தொட்டியில் உயிர்க்கூட்டம் அதிகம். மோட்டார் நின்றால் மூச்சு நிற்கும். 25 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நீர் 8 மில்லிகிராமுக்குச் சற்று மேலாக உயிர்வளியைத் தாங்கும். சென்னைக் கோடையின் 32 டிகிரியில் அது 7.3-ஆகக் குறைகிறது. வெளிநாட்டு நூல்கள் வெப்பமேற்றும் கருவியைச் சொல்கின்றன. நமக்கு வேண்டியது நீர்ப்பரப்பின் மேல் ஒரு சிறு மின்விசிறியும், பேட்டரியில் ஓடும் ஓர் ஏர் மோட்டாரும். 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் வீசியபின் பல பகுதிகளில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. வாழ்நாள் சேகரிப்பை அந்த வாரத்தில் இழந்தவர்கள் உண்டு. தண்ணீர்க் கணக்கு அதைவிடக் கடினமானது. 680 லிட்டர் தொட்டியில் வாரம் 40 விழுக்காடு மாற்றினால் 270 லிட்டர். 2019 கோடையில் நகரின் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் குடிநீர் வந்தது. அந்த ஆண்டைக் கண்டவர்கள், மாற்றிய நீர் எங்கே போகிறது என்ற கேள்விக்கு விடை வைத்துக்கொண்டே தொட்டி வாங்க வேண்டும். நைட்ரேட் நிறைந்த அந்த நீர் செடிக்கு உரம். மாடித்தோட்டம் உள்ளவர் ஆறடித் தொட்டி வைக்கலாம். நீரைச் சாக்கடையில்தான் விட முடியும் என்பவர் நாலடியோடு நிறுத்திக்கொள்வதே நியாயம் என்பது என் எண்ணம்.

பெற்றது இவ்வளவு. இழந்ததில் முக்கியமானது மீனின் ஊர். ஏரியிலிருந்து வந்த காலத்தில் ஒவ்வொரு மீனும் எந்தத் தீவின் எந்தப் பாறைக்கரை என்ற பெயரோடு வந்தது. ஒரே இனம் ஒரு கரையில் நீலமாகவும் அடுத்த கரையில் மஞ்சளாகவும் இருக்கும். பண்ணைகளில் பல இனங்களை ஒரே தொட்டியில் விட்டுப் பெருக்கினார்கள்; அவை ஒன்றோடொன்று கலந்தன. இன்று நம் கடைகளில் ஆப்பிரிக்கன் மிக்ஸ் என்று ஒரே தொட்டியில் நீந்துபவற்றில் பல எந்த ஏரியிலும் இல்லாத மீன்கள். மலேசியாவில் 1990-களில் கலப்பினமாக உருவாக்கிய ஃப்ளவர்ஹார்னுக்குத் தாயூர் என்பதே கிடையாது. வாஸ்து மீன் என்ற பெயரில் நம் வீடுகளில் தனியறை பெற்றது. விலை இறங்கியது, எல்லோர் கைக்கும் எட்டியது. அதே வழியில் பெயர்கள் கரைந்தன. ஏரிகளிலும் நிலை மாறியிருக்கிறது. விக்டோரியா ஏரியில் 1950-களில் விடப்பட்ட நைல் பெர்ச் மீன் 1980-களில் பெருகியபோது நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள் மறைந்தன. அவற்றுள் சில இன்று தொட்டிகளில் மட்டும் உயிர் வாழ்கின்றன. மலாவி மக்கள் உணவுக்கு நம்பியிருக்கும் சம்போவும் சிக்லிட்தான். அதன் நான்கு இனங்களில் மூன்று அழிவின் விளிம்பில் இருப்பதாக 2018-இல் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐ.யூ.சி.என். அறிவித்தது.

நம் ஊருக்கே சொந்தமான சிக்லிட் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் முடிக்க மனமில்லை. கேரளத்தார் கரிமீன் என்று கொண்டாடுவதும் சிக்லிட். பழவேற்காட்டு ஏரியிலும் அது கிடைக்கிறது. அதன் சிறிய உறவினனான ஆரஞ்சு குரோமைடு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உப்பங்கழிகளிலும் கழிமுகங்களிலும் வாழ்கிறது. ஆணும் பெண்ணும் சேர்ந்து குஞ்சு காக்கும். குஞ்சுகள் பெற்றோர் உடம்பின் கோழையை மேய்ந்து வளரும். இவற்றின் மிக நெருங்கிய உறவினங்கள் மடகாஸ்கரில் இருக்கின்றன. ஆரஞ்சு குரோமைடுக்கு மூன்றடித் தொட்டி போதும். நம் கடினநீர் அதற்குத் தாய்வீடு. அன்றும் அதை யாரும் வளர்க்கவில்லை. இன்றும் வளர்ப்பவர் சிலரே. பெரிய தொட்டிக்கு இடமும் தளமும் தண்ணீரும் இல்லை என்று கைவிடுகிறவர்கள் இந்த மீனைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஆறடிக்கே திட்டமிடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வளர்ந்துவிட்ட மீனையோ பெருகிவிட்ட குஞ்சுகளையோ ஏரியில் விட வேண்டாம். வாங்கிய கடையிலேயே திருப்பிக் கொடுங்கள், அல்லது வளர்க்கத் தெரிந்தவர் கையில் கொடுங்கள். நாம் ஜிலேபி கெண்டை என்று சந்தையில் வாங்கும் மீனும் ஆப்பிரிக்கச் சிக்லிட்தான். 1952-இல் உணவுக்கென்று இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். இன்று தமிழ்நாட்டில் அது இல்லாத குளத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.